கந்தையும் கூப்பனும்

பழைய உடையைப் பிரித்து வெட்டிப் புதிய உடையாகத் தைத்து அணிவது இன்று செல்வ நாடுகளிலே ஒரு நாகரிகமாக வளர்ந்து வருகின்றது. பழந்துணிக் கடையிலே மலிவாக வாங்கிய ஆடவர் மேலங்கி ஓர் இளம்பெண்ணின் பாவாடையாகின்றது. பாட்டியின் பெட்டியிற் கிடந்த கவுண், கழுத்தும் கையும் மாற்றப்பட்டுப் பேர்த்தியின் உடம்புக்கு வருகின்றது. இவ்வழக்கத்தின் அலை நமது பட்டினங்களையும் தொட்டுவிட்டது. வீணாக்காமை நல்லது, கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் வரும் மகிழ்ச்சியும் மெய்யானதே. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் இம்முயற்சியைப் போற்றுவோர் பலர் அதற்கு ஒரு வரலாற்றையும் கற்பித்துவிடுகின்றனர். நம் முன்னோர் சிக்கனத்தின் அருமை அறிந்தவர்கள், ஒரு துண்டுத் துணியையும் எறியாதவர்கள், அந்தப் பண்பை நாம் இழந்தோம் என்பது அவ்வரலாறு. ஊசியும் நூலும் பொறுமையும் இருந்தால் எவரும் மானத்தோடு உடுத்தலாம் என்பது அதன் உட்பொருள்.

இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சோதித்துப் பார்க்க வரலாறே நமக்கு ஒரு வாய்ப்பை அளித்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஒரே பேரரசின் இரு பகுதிகளிலே, ஏறக்குறைய ஒரே ஆண்டுகளிலே, துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒன்று பிரித்தானியா; மற்றது வங்காளம். இரண்டிடத்தும் பெண்கள் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களே. உண்மையைச் சொல்லின், பழந்துணியைத் தைக்கும் கலையில் வங்காளப் பெண்ணுக்கு நிகராக உலகில் எவரையும் காட்டுவது கடினம். அப்படியிருந்தும் என்ன நடந்தது என்பதைக் காண்பதற்கு முன், துணி அருமையாயிருந்த காலத்தைச் சற்றே நினைவுகொள்ளுதல் வேண்டும்.

கையால் நூற்றுக் கையால் நெய்த காலத்தில் துணி என்பது உறைந்துபோன உழைப்பு. ஒரு தறிக்கு இடைவிடாது நூல் கொடுக்கப் பல பெண்கள் நாள் முழுவதும் நூற்கவேண்டியிருந்தது. அத்தகைய பொருளை யார் எறிவார்? சிக்கனம் அக்காலத்தில் ஓர் அறமாக இருந்ததென்பதைவிட, வேறு வழியில்லாத நியதியாக இருந்தது என்பதே பொருந்தும். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் உடுத்திருந்த சிதாரை நினைத்துப் பாருங்கள். ஈரும் பேனும் குடிகொண்டு, வியர்வையில் நனைந்து, மூல இழை எது ஒட்டிய இழை எது என்று தெரியாதபடி தைத்துத் தைத்துக் கட்டிய கந்தை அது. கரிகாலன் அதைக் களைந்து நுண்ணிய ஆடையை உடுத்துகின்றான். பொருநனின் தையல் திறமையைப் புலவர் எங்கும் மெச்சவில்லை. வறுமைக்கு மாற்று புதுத்துணியே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கந்தையை மனமுவந்து ஏற்றவர்களும் இருந்தார்கள். புத்தருடைய துறவிகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கித் தைத்து உடுத்தினர். மகத நாட்டு வயல்களின் வரப்பும் பாத்தியும் போலத் துண்டுகளை இணைக்கும்படி புத்தர் கூற, ஆனந்தர் அவ்வாறே சீவர ஆடையை அமைத்தார் என்று விநய பிடகம் சொல்கின்றது. நமது நாட்டுப் பிக்குமாரின் சீவரத்தில் இன்றும் அவ்வரப்புகளைக் காணலாம். கடினப் பூசைக்குக் கொடுக்கப்படுவது புதுத்துணியாயினும் அதையும் துண்டாக்கியே தைக்கவேண்டும் என்பது விதி. ஆயினும் துறவி விரும்பி ஏற்ற கந்தை வேறு, உழவனுக்கு விதிக்கப்பட்ட கந்தை வேறு. உருவத்தில் ஒன்றாயிருப்பினும் இரண்டையும் ஒரே சிக்கனக் கணக்கில் எழுதுவது பிழை.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் எசமானின் உடை வேலையாளுக்கும், அவனிடமிருந்து பழந்துணி வணிகனுக்கும், அவனிடமிருந்து கோபுரக் கோட்டைக்கு அண்மையிலிருந்த கந்தைச் சந்தைக்கும் இறங்கிச் சென்றது. நீதிமன்றத்துக்கு வந்த திருட்டு வழக்குகளில் உடைத்திருட்டுக்குப் பெரிய இடமிருந்தது. மரண சாசனத்தில் கோட்டும் போர்வையும் பெயர் சொல்லி எழுதப்பட்டன. ஒரு கோட்டு முன்புறம் நைந்தால் முற்றாகப் பிரித்து உட்புறத்தை வெளிப்புறமாக்கித் தைத்தனர்.

இந்த நிலையை மாற்றியது இயந்திரம். லங்காசயர் ஆலைகள், அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தியைக்கொண்டு, துணியின் விலையை வீழ்த்தின. துணி மலிந்ததும் கந்தையும் ஒரு கச்சாப் பொருளாகியது. 1813ஆம் ஆண்டளவில் யோக்சயரைச் சேர்ந்த பாட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லோ என்பவர் கம்பளிக் கந்தையை அரைத்து மீண்டும் நாராக்கி நூற்கும் முறையைக் கண்டார். அந்நாரில் நெய்த துணிக்கு ‘ஷொடி’ என்று பெயர். தரங்கெட்ட எதனையும் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் அதுவே. ஐரோப்பா எங்குமிருந்து கந்தை அங்கே குவிந்தது. வீட்டுப் பெண்ணின் கூடையிற் கிடந்த துணுக்கு இவ்வாறு முதலாளியின் கணக்கேட்டில் ஏறியது.

அடுத்து வந்தது தையல் இயந்திரம். ஐசாக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். ஐந்து ஆண்டுகளில் அவரது கொம்பனி தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. 1877இல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கையால் பதினான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓர் ஆண் சட்டையை ஒன்றேகால் மணி நேரத்தில் தைக்கலாம் என்று அக்காலத்து இயந்திரக் கொம்பனிகள் கணக்குக் காட்டின. இயந்திரங்களை ஐயுற்ற காந்தியடிகளும் இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்களித்தார். அதே இயந்திரம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நெருக்கடியான அறைகளில் பெண்களைப் பதினாறு மணி நேரம் குனிய வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எவ்வாறாயினும், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரோப்பிய நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குக் கடையில் தைத்த உடையை வாங்குவதே இயல்பாயிற்று. ஒட்டுப்போடுவது ஏழையின் அடையாளம் ஆகியது.

இந்தச் சூழ்நிலையில்தான் போர் வந்தது. நெசவாலைகள் இராணுவ உடைக்குத் திரும்பின. ஆலைத் தொழிலாளர் ஆயுதச் சாலைகளுக்கு மாற்றப்பட்டனர். அத்திலாந்திக் கடலில் கப்பல்கள் மூழ்கின. 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை, வாணிப அமைச்சின் தலைவர் ஒலிவர் லிட்டல்ரன் வானொலியில் உடைப் பங்கீட்டை அறிவித்தார். செய்தி முன்கூட்டிக் கசிந்தால் பணக்காரர் கடைகளை வாரிக்கொண்டு போவர் என்பதால் உடைக்கென்று தனிப் புத்தகம்கூட அச்சிடப்படவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மிகுந்திருந்த மார்கரீன் கூப்பன்களே முதலில் உடைக் கூப்பன்களாயின.

ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 66 கூப்பன். பெண்ணின் கம்பளி மேலங்கிக்கு 14, கம்பளிக் கவுணுக்கு 11, பருத்திக் கவுணுக்கு 7, சப்பாத்துக்கு 5, ஒரு சோடி காலுறைக்கு 2. மேலங்கியும் ஒரு கம்பளிக் கவுணும் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கினால் பாதி ஆண்டின் கூப்பன் முடிந்தது என்க. பின்னர் இத்தொகை படிப்படியாகக் குறைந்தது. போர் முடிந்த பின்னும், 1945 செப்டெம்பர் முதல் எட்டு மாதங்களுக்கு 24 கூப்பன் மட்டுமே கிடைத்தது. பங்கீடு முற்றாக நீங்கியது 1949 மார்ச்சு 15இல். பழைய உடைக்குக் கூப்பன் தேவையில்லை. விலைக்கு மட்டும் உச்சவரம்பு இருந்தது. ஆகவே பழந்துணி ஒரேநாளில் மதிப்புப் பெற்றது.

‘இருப்பதைக்கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை’ என்னும் கருத்துப்பட அரசு ஒரு பேரியக்கத்தை நடத்தியது. 1943இல் அதே தலைப்பில் ஒரு கைநூல் வெளிவந்தது. அப்போது வாணிப அமைச்சின் தலைவராயிருந்த ஹியூ டால்டன் அதற்கு முன்னுரை எழுதினார். முழங்கை ஓட்டையைப் பின்னி அடைப்பது, நைந்த கொலரைத் திருப்பித் தைப்பது, பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்கி மீண்டும் பின்னுவது, அந்துப்பூச்சியிலிருந்து துணியைக் காப்பது ஆகிய அனைத்தும் அதில் விளக்கப்பட்டன. நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஓரங்களை நடுவில் இணைக்கும் பழைய ஏழை வீட்டு உத்தி இப்போது தேசிய அறிவாகியது. கணவனின் காற்சட்டையைப் பாவாடையாக்கலாம் என்று சொன்ன கைநூல், போர் முடிந்து வந்ததும் அவன் அதைத் தேடமாட்டான் என்பதை முதலில் உறுதி செய்துகொள் என்றும் எச்சரித்தது. திரும்பி வருவானா என்பதே ஐயமாயிருந்த காலத்தில் அவ்வரியைப் படித்த மனைவியர் எத்தனை பேரோ!

இருட்டடிப்புத் திரைத் துணிக்குக் கூப்பன் வேண்டியதில்லை என்பதால் அது கவுணாகியது. கிடைத்த பரசூட் பட்டு உள்ளாடையாகியது. பெண்கள் தொண்டர் சேவை அமைப்பு பிள்ளைகளின் உடைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களை நடத்தியது. வளர்ந்துவிட்ட பிள்ளையின் உடையைக் கொடுத்துப் பெரிய அளவில் ஒன்றைத் தாய் பெற்றுச் செல்லலாம். இவை சிறிய சாதனைகளல்ல. ஆனால் தைத்தவர் யார் என்பதை மறக்கலாகாது. 1941 டிசெம்பரில் 20 முதல் 30 வயதுவரையுள்ள மணமாகாத பெண்கள் கட்டாய சேவைக்குட்பட்டனர். மணமானவர் பலரும் தொழிற்சாலைக்குச் சென்றனர். பகல் முழுவதும் குண்டுக்குக் கூடு செய்த கை இரவில் காலுறைக்கு ஒட்டுப்போட்டது. அந்த இரண்டாவது வேலைக்குக் கூலியில்லை. சுவரொட்டியில் ஒரு புன்னகைப் பொம்மை மட்டும் உண்டு.

வேறொன்றும் உண்டு. கைநூலின் அறிவுரைகள் பலவும் நிறைந்த அலுமாரி உள்ள வீட்டுக்கே எழுதப்பட்டவை. பழைய மாலையுடையையும் குதிரைச்சவாரிக் காற்சட்டையையும் வெட்டச் சொன்னால் அவை இருக்கவேண்டுமல்லவா? தொழிலாளி வீட்டுப் பெண் ஒட்டுப்போடுவதைப் போர்க்காலத்தில் கற்கவில்லை. 1930களின் வேலையில்லாக் காலம் முழுவதும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் இனி ஒட்டுப்போட மிச்சமேதும் இருக்கவில்லை. கூப்பன் எண்ணிக்கையில் சீமாட்டியும் அவளும் சமம்; ஆனால் 14 கூப்பனுக்குச் சீமாட்டி வாங்கிய மேலங்கி பத்து ஆண்டு உழைத்தது, இவள் வாங்கியது இரண்டு குளிர்காலத்தில் நைந்தது.

இக்குறையை ஓரளவு தீர்த்தது ஊசியன்று, அரசின் தலையீடு. ‘பயன்பாட்டு உடை’ என்னும் பெயரில், குறித்த தரத்தில், கட்டுப்படுத்திய விலையில் உடைகள் தைக்கப்பட்டன. மடிப்பும் பொத்தானும் சட்டைப்பையும் எத்தனை என்பதுவரை சட்டம் வரையறுத்தது. ஆண்களின் காற்சட்டை நுனிமடிப்பு தடைசெய்யப்பட்டதற்குப் பாராளுமன்றத்திலேயே முறைப்பாடு எழுந்தது! எனினும் ஏழை ஒருத்தி நல்ல தரமுள்ள உடையை நியாய விலையில் வாங்கும் நிலையை அத்திட்டம் ஏற்படுத்தியது. பிரித்தானிய மக்கள் அவ்வாண்டுகளில் மானத்தோடு உடுத்தினர் என்றால், கூப்பன் என்னும் உரிமையும் விலைக்கட்டுப்பாடும் அடித்தளமாயிருந்தன. ஊசி அவற்றின்மேல் நின்று வேலை செய்தது.

இனி வங்காளத்துக்கு வருவோம்.

தமிழில் நாம் வழங்கும் கந்தை என்னும் சொல் வடமொழிக் ‘கந்தா’வின் வழியில் வந்தது என்பர். அதே சொல் வங்காளத்தில் ‘காந்தா’ என வழங்குகின்றது. ஆனால் நம்மிடம் இழிவைக் குறித்து நின்ற சொல் அங்கே ஒரு கலையின் பெயராகியது. உடுத்து உடுத்து மென்மையான பழஞ்சேலை, வேட்டி, சாரம் ஆகியவற்றை ஒன்றன்மேலொன்றாகப் பல அடுக்கு விரித்து, ஓரங்களை மடக்கி, மேலிருந்து கீழாக நூலோட்டித் தைப்பதே காந்தா. நூலும் வாங்கியதன்று, கிழிந்த சேலைக் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை உருவி எடுப்பார்கள். நடுவில் ஒரு தாமரை. சுற்றிலும் மரம், யானை, பல்லக்கு, மீன், சில வேளை தொப்பி அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய். குளிருக்குப் போர்வையாக, குழந்தைக்கு விரிப்பாக, புத்தகம் சுற்றும் துணியாக, கண்ணாடியும் சீப்பும் பொதியும் உறையாக அது பயன்பட்டது. இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மழைக்காலத்து நண்பகல்களில் அமர்ந்து தைத்தனர். பெரிய காந்தா ஒன்று முடிய ஆண்டுகள் ஆகும். தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு.

இக்கலையின் அருமையைக் கற்றோர் உலகம் காலந்தாழ்த்தியே கண்டது. ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்த குருசதய் தத் கிராமங்களில் திரட்டிய காந்தாக்கள் இன்று கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயராலான நூதனசாலையில் உள்ளன. அவற்றுள் ஒன்று மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. தன் பெயரையும் அவள் அதிலே தைத்திருக்கின்றாள். 1929இல் வெளிவந்த ஜசீமுத்தீனின் நெடுங்கவிதையில் கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கைக் கதையையே காந்தாவாகத் தைக்கின்றாள். அவள் இறந்தபின் அது அவள் புதைகுழிமேல் விரிக்கப்படுகின்றது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை காந்தாவைக் கலை வரலாற்றினுள் கொண்டுவந்தது.

இத்தகைய கலை ஏன் பெண்ணின் கையிலேயே தங்கியது? 1828இல் ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்காளப் பத்திரிகையில் சாந்திபுரத்து விதவை ஒருத்தியின் கடிதம் வெளிவந்தது. நூற்று விற்றே குடும்பத்தைக் காப்பாற்றிய அவள், சீமையிலிருந்து வந்த நூலால் தன் பிழைப்புப் போனதைக் கூறுகின்றாள். இராட்டையில் இலாபம் இருந்தது. ஆதலால் அது அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. கந்தை தைப்பதில் யாருக்கும் இலாபமில்லை. ஆதலால் ஊசி அவளிடமே விடப்பட்டது. நாம் காந்தாவைப் பார்த்து வியக்கும்போது இந்தக் கொடுமையான கணக்கையும் நினைத்தல் தகும்.

1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அரசின் விசாரணைக் குழு இறந்தோர் தொகையை 15 இலட்சம் என மதித்தது. பிற்கால ஆய்வாளர் 30 இலட்சம் வரை கணக்கிட்டுள்ளனர். அரிசியைப் பற்றிப் பேசிய அளவுக்குத் துணியைப் பற்றி எவரும் பேசவில்லை. உணவுப் பஞ்சத்தோடு ஒட்டிப் பிறந்ததே துணிப் பஞ்சம். இந்திய ஆலைகளின் துணியில் மிகப் பெரும் பங்கை இராணுவம் எடுத்துக்கொண்டது: சீருடை, போர்வை, கூடாரம், பரசூட். யப்பானியத் துணி போரோடு நின்றுபோயிற்று. கைத்தறியாளனுக்கு நூலில்லை. மிஞ்சிய சிறுபங்கு பதுக்கல்காரர் களஞ்சியத்துக்குச் சென்றது. 1943 மே மாதத்துத் துணி விலை 1939 ஓகத்து விலையிலும் 425 சதவீதம் உயர்ந்திருந்தது. 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டுக் கட்டளை பிறந்தது. காகிதத்தில் விலை இறங்கியது. துணி கள்ளச் சந்தைக்கு இறங்கியது.

கிராமத்து நிலமற்ற கூலிக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். பானையும் கூரைத் தகரமும் அரிசிக்காக விற்கப்பட்டன. வீட்டிலுள்ள பெண்கள் இருவருக்கும் மூவருக்கும் ஒரே சேலை. ஒருத்தி அதை உடுத்தி வெளியே சென்றால் மற்றவர் உள்ளே இருட்டில் இருக்கவேண்டும். கஞ்சித் தொட்டி ஊரிலேயே திறந்திருந்தாலும் உடுக்கத் துணியின்றி எப்படி அங்கே போவது? புதைகுழியைத் தோண்டித் துணி எடுத்தனர், தனிவழி செல்வோரின் உடையைப் பறித்தனர் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டின் இறுதியில் குளிர்காலமும் வந்தது. மாணிக் பந்தோபாத்யாயர் இத்துணிப் பஞ்சத்தை ஒரு சிறுகதையாக்கி, துரௌபதியின் துகிலுரிந்த துச்சாதனனை நினைவூட்டும் தலைப்பை அதற்கு இட்டார். துச்சாதனன் யார் என்பதை வாசகரின் ஊகத்துக்கு அவர் விட்டுவிடவில்லை. பதுக்கல்காரனும் ஆட்சியாளனும் அக்கதையில் வெளிப்படையாகவே நிற்கின்றனர்.

இங்கே ஊசி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. காந்தாவுக்கு வேண்டியது பழஞ்சேலை. பழஞ்சேலை வேண்டுமானால் முன்னொருநாள் புதுச்சேலை வாங்கியிருக்கவேண்டும். அது நைந்தபின் உடுக்க இன்னொன்றும் வேண்டும். உடுத்தியிருப்பதே கடைசித் துண்டு என்றாகும்போது எதை எதனோடு இணைப்பது? இலண்டன் குடிமகளுக்குத் தைக்கத் தெரியாவிட்டாலும் கூப்பன் இருந்தது. தாமரையும் யானையும் தைத்த கைகளுக்குப் பஞ்ச மாதங்களில் அத்தகைய உரிமைச்சீட்டு எதுவும் இருக்கவில்லை. அதே 1943இல், அதே பேரரசின் தலைநகரில், ஒட்டுப்போடும் கைநூல் அச்சேறிக்கொண்டிருந்தது. சிக்கனத்தின் புகழைப் பாடுவோர் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

பிற்கால வரலாறு வேறு திசையிற் சென்றது. 1971இல் வங்காளதேசம் பிறந்தது. போரினால் ஆதரவிழந்த பெண்களுக்கு வருவாய் தேடிய தொண்டு நிறுவனங்கள் காந்தாவைக் கைத்தொழிலாக்கின. கடையில் வாங்கிய புதுத்துணி, கலைஞர் வரைந்து கொடுத்த சித்திரம், துண்டுக்கு இவ்வளவென்று கூலி. இதனால் காந்தாவின் உயிர் போய்விட்டது என்று வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பல தலைமுறையாக விலையின்றிக் கிடந்த அவ்வுழைப்புக்கு முதன்முறையாக ஒரு விலை கிடைத்தது; அது போதுமான விலையா என்பதுதான் கேள்வி. அண்மைக் காலத்தில் பழஞ்சேலைக் காந்தாவே மேல்நாட்டில் ‘விண்டேஜ்’ என்ற பெயரில் விரும்பி வாங்கப்படுகின்றது. வணிகர் கிராமங்களில் பழஞ்சேலைகளைத் திரட்டுகின்றனர். ஓட்டையும் ஒட்டும் அங்கே குறையன்று, விலையை உயர்த்தும் அணி!

இதே வங்காளதேசத்துப் பெண்கள்தாம் இன்று உலகின் மலிவான புத்துடைகளில் பெரும்பங்கைத் தைக்கின்றனர். 2013 ஏப்ரில் 24இல் டாக்காவை அடுத்த சாவாரில் ரானா பிளாசா என்னும் கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தையற் தொழிலாளர். சுவரில் வெடிப்புக் கண்ட மறுநாளும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தனர். அவ்வாறு தைத்த உடைகளைச் செல்வ நாட்டவர் சிலமுறை அணிந்து கொடைப்பெட்டியில் இடுகின்றனர். சிறுபகுதி அங்கேயே விற்கின்றது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி இந்தியாவின் பானிபத்துக்குச் சென்று, பெஞ்சமின் லோவின் வழியிலேயே அரைபட்டுப் போர்வையாகின்றது. மற்றொரு பகுதி பொதிகளாகக் கட்டப்பட்டு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறுகின்றது.

கானா நாட்டின் தலைநகர் அக்ராவிலுள்ள கந்தமாந்தோ சந்தை அப்பொதிகள் வந்திறங்கும் பெரிய இடங்களுள் ஒன்று. அகான் மொழியில் இவ்வுடைகளுக்கு ‘இறந்த வெள்ளையரின் உடை’ என்று பொருள்படும் பெயருண்டு. உயிருள்ள எவனும் இத்தனை நல்ல உடையை எறியமாட்டான் என்ற ஊகத்தில் எழுந்த பெயர் அது. வணிகப் பெண் பொதியைக் கடனுக்கு வாங்குகின்றாள்; உள்ளே இருப்பது என்னவென்பது கட்டை வெட்டும்வரை அவளுக்குத் தெரியாது. பாதியும் விற்கத் தகாதவையாயின் கடன் அவள் தலையிலேயே நிற்கும். ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட பொதிகளை வடபகுதிகளிலிருந்து வந்த இளம்பெண்கள் தலையில் சுமக்கின்றனர்.

இச்சந்தையினுள்ளே பழைய உடையைப் புதிதாக்குவோர் ஒரு பெரும் கூட்டம். பெருத்த உடம்பினருக்குத் தைத்த சட்டையைப் பிரித்துச் சிறுவர் காற்சட்டையாக்குவோர், நிறம் மங்கிய டெனிமைச் சாயத்தில் தோய்ப்போர், இரு சட்டைகளை வெட்டி ஒன்றாக்குவோர் என அவர்கள் பலவகையினர். மேல்நாட்டில் ஓய்வுநேரக் கலையாகப் பேசப்படுவது இங்கே காலை முதல் மாலைவரை கால்மிதித் தையல் இயந்திரத்தின்மேல் நடக்கும் வேலை. 2025 சனவரி 1ஆம் நாள் இரவு இச்சந்தையில் தீப்பற்றி ஆயிரக்கணக்கான கடைகள் எரிந்தன. கடனுக்கு வாங்கிய பொதிகளும் இயந்திரங்களும் சாம்பலாயின. அடுத்த மாதங்களில் வணிகர் எரிந்த இடத்திலேயே பலகைத் தட்டுகளை மீண்டும் எழுப்பினர். தையற்காரரும் இயந்திரங்களைக் கொணர்ந்து வைத்தனர். துறைமுகத்திலிருந்து பொதிகள் வருவது நிற்கவில்லை.